அவள் தலையசைத்தாளா?

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது கோச் தலையசைத்தாளா, இல்லையா? இந்த இடத்தில் நினைவை முழுதாக நம்பிச் சொல்ல முடியவில்லை. அறையில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கோச்சின் கணவன், தலை அசைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஆபரேஷன் நாளன்று காலையில்தான் அவனுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. அதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

கதையைக் கூடவே தொடர்ந்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

கோச் என்பது நீச்சல் குளத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சில மாதங்களாக அவளுடைய கண் இமை ஒரு பக்கம் சரிந்தது. சாயங்காலமானால் பேச்சு குழறியது. சிரிக்க ஆரம்பித்தால் சிரிப்பு பாதியில் நின்று, உதடு மட்டும் கோணிக்கொண்டு நின்றது. வீட்டில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று அவன் எடுத்துக்கொண்டான். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. அவனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் மௌனத்துக்கு இன்னொருவர் மௌனமாகவே பதில் சொல்லிக்கொண்டு மழைக்காலம் முழுவதையும் ஓட்டினார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அது தசைகள் சீக்கிரம் களைத்துப்போகிற நோய் என்று. கூடவே, நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே ஒரு கட்டி. நெஞ்சைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு இடையில் சிறிய துளைகள் போட்டு, ரோபோவின் கைகளால் அதை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் நாளின் காலை இதுதான்.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள். யாரும் நெருங்கி உட்கார முடியாது, விலகியும் உட்கார முடியாது. சுவரோரம் காபி இயந்திரம் ஒன்று அவ்வப்போது தானாகவே உறுமிவிட்டு அடங்கியது. மெக்கானிக் ஜன்னல் பக்கம், மகள் நடுவில், அவனுடைய அக்கா கதவைப் பார்த்தபடி.

அக்காவுக்கு அந்தக் குடும்பத்தில் ஹெச்.எம். என்று பெயர். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம்தான் அவளை விட்டதே தவிர, அவள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அந்த வீட்டில் எந்த முடிவும் அவள் வாயிலிருந்துதான் வெளியே வரும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் சரி என்று அர்த்தம். யாரும் போட்ட சட்டமில்லை. பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது.

"ஏண்டி, அந்த ரோபோ நடந்து வருமா, இல்ல யாராவது தள்ளிட்டு வருவாங்களா?" என்றாள் ஹெச்.எம்.

"தள்ளிட்டுதான் வருவாங்க அத்தை. தலை கிடையாது, நாலு கை மட்டும்தான். அதுவா எதுவும் செய்யாது. டாக்டர் ஓரமா ஒரு மேசைல உட்கார்ந்து கையை அசைச்சா, அது உள்ள அசையும்."

"அப்ப சொன்னதை மட்டும் செய்யும்."

"ஆமா."

"நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடணும்."

"எதுக்கு அத்தை? அதான் அப்பா இருக்காரே."

ஹெச்.எம். சிரித்தாள். மெக்கானிக்கும் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டான். ஆனால் அவன் மனம் வேறு இடத்தில் இருந்தது. தள்ளுவண்டியில் படுத்திருந்த கோச், உள்கதவு திறக்கும் முன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்ட கேள்வியில் இருந்தது.

"அந்த நரம்பு விஷயம் என்னாச்சு? டாக்டர் மறுபடி கேக்கவே இல்லையே?"

"எல்லாம் பேசியாச்சு. நீ கவலைப்படாம போ" என்று அவன் சொல்லியிருந்தான்.

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள். நர்ஸ் வண்டியைத் தள்ளிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது.

பேசியாச்சு என்றால், யார் பேசியது?

ஒரு வாரத்துக்கு முன் டாக்டரைப் பார்த்த சாயங்காலத்தை அவன் மனதுக்குள் மறுபடி எடுத்துப் பார்த்தான். பகல் முழுக்கப் பரிசோதனைகள். ஒவ்வொரு அறையிலும் அவளைப் பேச வைத்து, மூச்சை இழுக்க வைத்து, கையைத் தூக்க வைத்துப் பார்த்திருந்தார்கள். கடைசியில்தான் டாக்டர் அறை. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, மெல்லிய குரலில் பேசுகிறவர். ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார்.

"கட்டி இந்த நரம்பைத் தொட்டுட்டு இருக்கு. உதரவிதானத்தை, அதாவது மூச்சை இழுக்கிற தசையை, அசைக்கிற நரம்பு. வெறுமனே பக்கத்துல இருந்தா பிரிச்சிடுவேன். ஒட்டியிருந்தா நரம்போட சேர்த்து எடுக்கலாம். எடுத்தா ஒரு பக்கம் மூச்சு பாதியாகும். நடக்கலாம், மாடி ஏறலாம், மெதுவா. ஆனா தண்ணிக்குள்ள இறங்கினா மூச்சு முட்டும். நீங்க நீச்சல் சொல்லித் தர்றவங்க. அதான் கேக்கறேன். என்ன செய்யட்டும்?"

கோச்சின் தலை முன்பக்கம் இறங்கியது.

"சரின்னுட்டா" என்றாள் ஹெச்.எம். "முழுசா எடுத்துடுங்க டாக்டர்."

டாக்டர் கோச்சைப் பார்த்தார். கோச் தலை நிமிரவில்லை. வெளியே வரும்போது, "உயிர் இருந்தாதான் நீச்சல்" என்று ஹெச்.எம். இன்னொரு முறையும் டாக்டரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவனும் வாயைத் திறக்கவில்லை. அவன் வீட்டு வழக்கப்படி அதுவும் சரிதான்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப அம்மா தலையாட்டினாங்கல்ல?" என்று மகளைக் கேட்டான்.

மகள் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "எப்ப?"

"நரம்பைப் பத்திக் கேட்டப்ப."

"அது தலையாட்டல் இல்லப்பா. அந்த நேரத்துக்கு அம்மாவுக்குக் கழுத்து நிக்காது. கார்ல வீட்டுக்கு வரும்போது நான்தான் முகவாயைத் தாங்கிப் பிடிச்சிட்டு வந்தேன். நீங்க முன்னாடி உட்கார்ந்திருந்தீங்க."

"நீ சொல்லலையே?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"அப்புறம் ஒரு வாரம் வீட்டுலதானே இருந்தா. அவளும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் ஹெச்.எம்., நாற்காலியில் நிமிர்ந்தபடி.

"டாக்டர் திரும்பக் கேப்பாங்கன்னு இருந்திருப்பாங்க அத்தை. வெளியே வந்து டாக்டர்கிட்ட நீங்க மறுபடி சொல்லி முடிச்சது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்ப அவங்களை வண்டியில உட்கார வைக்கக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

மெக்கானிக் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

அவன் வேலையில் ஒரு வழிமுறை உண்டு. ஒருவன் மேலே இயந்திர அறையில் நிற்பான், ஒருவன் கீழே பள்ளத்தில் இருப்பான். மேலே இருப்பவன், 'நகர்த்தறேன்' என்று கத்துவான். கீழே இருப்பவன் அதே சொல்லைத் திருப்பிக் கத்த வேண்டும். அந்தக் குரல் வராமல் லிஃப்ட் பெட்டியை ஒரு விரல்கடை கூட அசைக்கக் கூடாது. காது கேட்காமல் இருக்கலாம், கையில் வேலையாக இருக்கலாம், மயங்கிக் கிடக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், பதில் வரவில்லை என்றால் நிறுத்து என்றுதான் அர்த்தம்.

வேலை பழகிய நாளிலிருந்து அவன் அதை மீறியதில்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும் தலைகீழாக வாழ்ந்திருக்கிறான்.

"எங்கடா போற?" என்றாள் ஹெச்.எம்.

"டாக்டரைப் பாக்க."

"ஆபரேஷன் நடந்துட்டு இருக்கு. கையில கத்தி இருக்கும்."

"இல்லக்கா. இவங்க கையில கத்தி இல்ல. ஓரமா உட்கார்ந்துதான் செய்யறாங்க."

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய் நின்றான். என்ன சொல்வது என்று கோர்வையாக வரவில்லை. "நரம்பை வெட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சொல்லுங்க. என் மனைவி சரின்னு சொல்லல. சொன்னதா நாங்க நினைச்சிட்டோம்" என்றான். அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தாள்.

அவன் மேசையருகிலேயே காத்திருந்தான். ஏற்கனவே வெட்டியிருந்தால்? அந்தக் கேள்விக்கு அப்புறம் மனம் எங்கேயும் போகவில்லை. அங்கேயே நின்றது.

உள்கதவு திறந்தது. டாக்டர் தொப்பியோடு வந்தார். காலில் செருப்பில்லை, வெறும் காலுறைதான். அவன் பார்வை அங்கே போனதைக் கவனித்துவிட்டு, "ரோபோ மேசைக்குக் கீழே மிதிக்கிற கட்டைகள் இருக்கும். பாதத்துல தெரியணும், அதான்" என்றார். "உள்ள என் உதவி டாக்டர் அவங்க பக்கத்துலயே நிக்கறார். எல்லாத்தையும் அசையாம நிறுத்தி வெச்சிட்டு வந்திருக்கேன். சொல்லுங்க சார்."

"வெட்டியாச்சா?"

"இல்ல. இப்பதான் நரம்புகிட்ட வந்தேன்."

அவன் மூச்சு விட்டான். தலை அசைந்ததையும், கழுத்து நிற்காததையும், கதவுக்கு முன்னால் அவள் கேட்டதையும் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். அவனுக்கு அதுவே பெரிய பேச்சு.

டாக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "காகிதத்துல 'தேவைப்பட்டால் நரம்பையும் எடுக்கலாம்'னு இருக்கு, அவங்க கையெழுத்தும் இருக்கு. ஆனா அவங்க தெளிவா இருக்கற காலை நேரமாப் பார்த்து நான் நேரா மறுபடி கேட்டிருக்கணும். அது என் தப்பு."

"உள்ள எப்படி இருக்கு?"

"ஒட்டியிருக்கு. ஒரு விரல் நீளத்துக்கு. மேலோட்டமா ஒட்டியிருக்கா, உள்ளயே போயிடுச்சான்னு பார்வையால உறுதியாச் சொல்ல முடியல. உரிச்சு எடுக்கலாம். எடுத்தா நரம்பு பிழைக்கும். ஆனா ஓரத்துல துளி மிஞ்சலாம். மிஞ்சினா கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கணும், இல்ல இன்னொரு ஆபரேஷன். நரம்போட எடுத்தா அந்தக் கவலை குறையும். ஆனா இந்த நோய் இருக்கறவங்களுக்கு மூச்சுத் தசையே பலவீனம். அதுல ஒரு பக்கத்தை இழக்கறது சின்ன விஷயம் இல்ல. ரெண்டு வழியும் தப்பில்ல சார். அதனாலதான் அவங்களைக் கேட்டேன்."

"எடுத்துடுங்க" என்றாள் ஹெச்.எம். அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "மிச்சம் வைக்காதீங்க டாக்டர். மிச்சம் வெச்சா என்ன ஆகும்னு இந்த வீட்டுல எனக்குத் தெரியும்."

"அக்கா."

"உன் அத்தானுக்கு அப்படித்தான் சொன்னாங்க. துளிதான், அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல. நீயும்தான் இருந்த. மறந்துட்டியா?"

அவள் குரலில் தலைமையாசிரியை இல்லை. அந்தக் குரலை அவன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தான், அத்தானைக் கொண்டுபோன அன்று.

அவனுக்கு அக்கா சொன்னது தவறு என்று தோன்றவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது. தவறான ஒன்றை மறுப்பது எளிது. சரியாக இருக்கக்கூடிய ஒன்றை எப்படி மறுப்பது? கோச் இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தான். தண்ணீரிலிருந்து தலை தூக்கி, முகத்தை வழித்துவிட்டு, தொலைவில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கையைக் காட்டுகிற அவளை நினைத்தான். அந்த முகத்திலிருந்து பதில் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படிப்பட்ட கேள்வி எதையும் அவளிடம் அவன் கேட்டதில்லை.

"அவ என்ன சொல்லியிருப்பாள்னு எனக்குத் தெரியலக்கா. உனக்கும் தெரியாது."

"தெரியாதப்ப உயிரைப் பாக்கணும்."

"டாக்டர், நரம்பை விட்டுட்டு வந்தா, அப்புறம் அவளையே கேக்க முடியும்ல?"

"கேக்கலாம். ஆனா ரெண்டாவது தடவை உள்ள போறது இதைவிடக் கஷ்டம். அதை நான் மறைக்க மாட்டேன்."

"கஷ்டம். ஆனா முடியும்."

"முடியும்."

"வெட்டிட்டா?"

"வெட்டினது வெட்டினதுதான்."

"அப்ப விட்டுடுங்க" என்றான்.

ஹெச்.எம். அவனைப் பார்த்தாள். "நாளைக்கு அது திரும்ப வந்து நின்னா, யாருடா பதில் சொல்றது?"

"நான்."

"நீயா? நீ எப்படா பதில் சொல்லியிருக்க?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

மகள் சத்தமில்லாமல் வந்து ஹெச்.எம்.மின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தலையசைத்தார். இந்த முறை அது தலையசைப்புதான். அதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனாலும் மெக்கானிக் விடவில்லை.

"வாயால சொல்லிடுங்க டாக்டர்."

அவர் முகத்தில் களைப்பு கொஞ்சம் கலைந்தது. "நரம்பை விட்டுட்டு, கட்டியை உரிச்சு எடுக்கறேன். ஓரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். சரியா?"

"உரிச்சு எடுக்கறீங்க. நரம்பை விட்டுடறீங்க. சரி."

கதவு மூடியது. ஹெச்.எம். பழைய நாற்காலிக்குப் போகவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகள் ஒரு காபி எடுத்துக்கொண்டு போனாள். "சக்கரை போட்டியா?" என்று கேட்பது மட்டும் கேட்டது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் நின்றான். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ தன் காரைக் கண்டுபிடிக்க முடியாமல் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். அவர் கண்டுபிடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்க்க ஒன்றுமில்லை. மதியம் முழுவதும் அப்படித்தான் போனது.

மறுநாள் காலை, மூச்சுக்காகக் கோச்சின் வாயில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தானாகவே மூச்சு விட்டாள். ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். ஹெச்.எம். வாய் திறக்கும் முன் மெக்கானிக் உள்ளே போய்விட்டான்.

அவளுக்குக் குரல் கரகரத்தது, ஆனால் காலை நேரமானதால் சொற்கள் குழறவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். தலை இறங்கியதைத் தலையசைப்பு என்று நினைத்ததிலிருந்து, நரம்பை விடச் சொன்னது வரைக்கும். சொல்லும்போது அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

"தெரியல. தெரியாததாலதான் நிறுத்தச் சொன்னேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலின் கருவி நிதானமாகச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான். என்ன அர்த்தம் என்று தானாக எதையும் வைத்துக்கொள்ளாமல் காத்திருந்தான்.

"எடுத்துடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"நீச்சல்?"

"கரையில நின்னே சொல்லித் தரலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்லித் தர்றாங்க. இது மறுபடி வந்துடுமோன்னு தினம் நினைச்சிட்டு இருக்க என்னால முடியாது."

"அப்ப நான் செஞ்சது தப்பா?"

"என்னைக் கேக்காம சரின்னு விட்டீங்களே, அது தப்பு. என்னைக் கேக்கறதுக்காக நிறுத்தி வெச்சது தப்பில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டையும் கலக்காதீங்க. ஒண்ணுக்குக் கோபமா இருக்கேன். ஒண்ணுக்கு இல்ல."

"இத்தனை மாசமா கோபமா இருந்தியே, அது?"

"எது?"

"சிரிக்கவே இல்லையே."

"சிரிச்சிட்டுதான் இருந்தேன்" என்றாள். "முகம் வரல."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

அந்த வார முடிவில் நிலைமை இதுதான். கோச் பொது வார்டுக்கு மாறினாள். இமை இன்னும் சரிகிறது, மருந்து தொடர்கிறது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டு மாலையில் நேராக மருத்துவமனைக்கு வருகிறாள். மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டான், மதிய இடைவேளையில் அவளுக்குப் போன் செய்கிறான், பேசுகிறான். ஹெச்.எம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கோச்சின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். தம்பியோடு இன்னும் பேச்சில்லை. டாக்டர் தினமும் காலையில், கோச் தெளிவாக இருக்கும் நேரத்தில், செருப்புப் போட்ட காலோடு வருகிறார். கட்டியின் ஓரத்தைப் பற்றிய பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் அதை முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும், மற்ற யாரிடமும் இல்லை என்று கோச் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.